தம்பியின் அச்சமும் அக்காவின் அயர்வும்

கேள்வி: மனச்சிதைவு நோயுள்ள என் தம்பி, சாம்பாரில் விஷம் கலந்திருப்பதாகச் சொல்லித் தட்டைத் தள்ளிவிடுகிறான். அம்மா அழுகிறார், நான் கத்திவிடுகிறேன். எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்வது?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அன்புச் சகோதரி, வாதாடி அந்த நம்பிக்கையை மாற்ற முடியாது, "நீ பயந்திருப்பது புரிகிறது" என்று சொல்லி, அதே பாத்திரத்திலிருந்து பரிமாறிக்கொண்டு உடன் அமர்ந்து சாப்பிடுங்கள். ஓயாத குறைகூறலும் கோபமும் உள்ள வீட்டில் நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன; அதற்காக, நோயே உங்களால்தான் வந்தது என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டாரா என்று பார்த்து, மருத்துவரிடம் உடனே தெரிவியுங்கள். இரவுக் காவலை உறவினர்களுடன் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டு நீங்கள் அவசியம் தூங்க வேண்டும். ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குடும்பத்தினருக்கும் ஆலோசனை தருகிறார்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.