கேள்வி – பதில்: இலவச இணையம் ஏழைக்கு லாபமா?

கேள்வி: சில இணையதளங்களை இலவசமாகக் கொடுக்கிறோம் என்று பேஸ்புக் வந்தபோது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஏன் தடுத்தது? ஏழைக்கு அது லாபம்தானே?
– வாசகி, வலங்கைமான்

பதில்: லாபம் போலத்தான் தெரியும், அம்மா. ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்ற அந்தத் திட்டத்தில் இலவசமாகத் திறந்தவை பேஸ்புக்கின் நிபந்தனைகளுக்கு உட்பட்ட தளங்கள் மட்டுமே. மதகின் சாவி தலைமடைக்காரர் ஒருவர் கையிலேயே இருந்தால் கடைமடை என்னவாகும் என்று டெல்டாக்காரரான உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் அறுவடை நேரத்தில் வந்து பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள். களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, தார்ப்பாயை இழுத்து மூடலாமா வேண்டாமா என்று எதிர்வீட்டுக்காரர் செல்போனில் தேடுவது, தமிழில் மழை நிலவரம் எழுதும் ஓர் ஆர்வலரின் பக்கத்தை. இலவசப் பட்டியலில் இடம் கேட்டு அந்த ஆர்வலர் எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பார்?

எல்லாத் தளங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்று 2015-இல் லட்சக்கணக்கானோர் டிராய்க்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, தளத்துக்குத் தளம் வெவ்வேறு கட்டணம் கூடாது என்று விதி வந்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம்.

இப்போது தொலைத்தொடர்பு நிறுவனங்கள், நெட்வொர்க் செலவில் பெரிய தளங்களும் பங்கு தர வேண்டும் என்று கேட்கின்றன. அதன்மேலும் ஒரு கண் வையுங்கள்.