ஏரி வண்டலில் கார்பன் கூடினால், ஏரி செழித்தது என்று பொருளா?

கேள்வி: எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்காக ஆர்க்டிக் ஏரி ஒன்றின் வண்டல் தரவுகளைப் பார்த்துவருகிறேன். மேல் அடுக்குகளில் கரிமக் கார்பன் கூடிக்கொண்டே போகிறது. வெப்பம் ஏறியதால் பாசி வளர்ச்சி பெருகியது என்று எழுதலாமா?

பதில்: இதை மட்டும் வைத்து எழுதாதீர்கள். நீங்கள் அளந்திருப்பது ஏரியில் விளைந்ததில் மட்காமல் தப்பிய பங்கைத்தான்.

ரஷ்யாவின் வடகிழக்கில், சுக்கோட்காவில் உள்ள எல்கிகிட்கின் ஏரியையே எடுத்துக்கொள்வோம். சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான பள்ளம் அது. பனியாறுகள் அதைச் சுரண்டவில்லை என்பதால் வண்டல் அடுக்குகள் தொடர்ச்சியாகத் தங்கின. 2009-இல் உறைந்த ஏரியின் மேலேயே எந்திரத்தை நிறுத்தித் துளையிட்டார்கள். கடுங்குளிர் காலத்துக் கருத்த அடுக்குகளில் கார்பன் கணிசமாக இருந்தது! ஆண்டு முழுக்கப் பனிக்கட்டி மூடியதால் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது. பாசி கொஞ்சமாக வளர்ந்தாலும், அது மட்கவில்லை. ஆகவே விளைச்சலைக் கணிக்க சிலிக்கான்–டைட்டானியம் விகிதத்தைப் பார்த்தார்கள். டயட்டம் என்ற நுண்பாசியின் ஓடு சிலிக்காவால் ஆனது. டைட்டானியமோ கரை மண்ணோடு வந்து சேர்வது. ஆகவே விகிதம் கூடினால் டயட்டம் பெருகியது என்று கொள்ளலாம். சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பக் காலத்தில் இந்த விகிதம் வெகுவாக உயர்ந்திருக்கிறது.

உங்கள் தரவில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேல் அடுக்கு புதிது. இன்னும் முழுதாக மட்கியிருக்காது. எதுவுமே மாறாத ஏரியில்கூட மேலே போகப்போக கார்பன் கூடுவதுபோலத் தெரியும்.

அதனால் முதலில் காலத்தை உறுதிப்படுத்துங்கள். கடைசி 100–150 ஆண்டுகளுக்கு, கதிரியக்கச் சிதைவை வைத்து வயதைக் காட்டும் ஈயம்-210 போதும். அணுகுண்டுச் சோதனைகளால் 1963-ஐ ஒட்டிப் படிந்த சீசியம்-137-இன் உச்சம் அதைச் சரிபார்க்க உதவும். அதற்கும் கீழே கதிரியக்கக் கார்பன்தான். ஆனால் மொத்தச் சேற்றை ஆய்வகத்துக்கு அனுப்பாதீர்கள். உறைநிலத்தில் பல காலம் கிடந்த பழைய கார்பன் அடித்துவரப்பட்டு, வயதைக் கூட்டிக் காட்டிவிடும். நிலத்துச் செடியின் இலைத் துணுக்கு ஏதாவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். காலம் தெரிந்தபின், சதவீதத்தை விட்டுவிட்டு ஆண்டுக்கு எவ்வளவு படிந்தது என்று கணக்கிடுங்கள்.

அப்புறம் கார்பன்–நைட்ரஜன் விகிதம். பொதுவாக 10-க்குக் கீழே என்றால் பாசி, 20-க்கு மேலே என்றால் நிலத்தாவரம். ஆர்க்டிக் ஏரிகளில் நீருக்குள் வளரும் மாஸ் (moss) செடிகளும் இதை உயர்த்தும், கவனம்.

வெப்பநிலைக்குத் தனிச் சான்று வேண்டும். கைரோனமிட் பூச்சிப் புழுக்களின் தலை ஓடுகள் வண்டலில் நன்றாகத் தங்கும்; எந்த இனம் மிகுதி என்பதை வைத்துக் கோடை வெப்பத்தைக் கணிக்கலாம். அந்தக் கணிப்பும் டயட்டம் சிலிக்காவும் ஒரே அடுக்கில் சேர்ந்து ஏறினால், நீங்கள் கேட்ட வாக்கியத்தைத் தயங்காமல் எழுதுங்கள். கார்பன் மட்டும் ஏறினால், மட்காத மேலடுக்கின் விளைவாகவும் இருக்கலாம் என்பதை ஆய்வேட்டிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.