உள்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

கேள்வி: மதுரையில் ஒரு தையல் கடையில் ஜாக்கெட் தைக்கிறேன். பீஸ் கணக்கில்தான் கூலி. நான் ஐந்து தைத்து முடிப்பதற்குள் பக்கத்து மிஷின்காரர் எட்டு தைத்துவிடுகிறார். பிசிறு வெட்டமாட்டார், அக்குளில் ஒற்றைத் தையலோடு விட்டுவிடுவார். "உள்ளே யாரு பார்க்கப் போறா?" என்று முதலாளியும் அவர் பக்கமே பேசுகிறார். நேர்த்தியாகத் தைத்து நான் என்னத்தைக் கண்டேன்?
– ஒரு வாசகி, செல்லூர்

பதில்: முதலில் காசு விஷயம். உங்கள் ஆதங்கம் நியாயமானது. தினமும் மூன்று ஜாக்கெட் கூலி குறைந்தால் மாதக் கடைசியில் மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டியிருக்கும். "தொழிலை தெய்வமா நினைம்மா" என்று சொல்லி அந்தக் குறையை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் "உள்ளே யாரு பார்க்கப் போறா" என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. உடுத்துகிறவள் பார்க்கிறாள்.

என் தங்கை கல்யாணத்துக்கு அம்மா தன் பழைய பட்டுச் சேலையை எடுத்தார். ஜாக்கெட் பத்து வருஷத்துக்கு முன்னால் தைத்தது, ஊக்கு எட்டவில்லை. புதிதாக எடுக்க அப்போது வீட்டில் பணம் இல்லை. அம்மா ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி, விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். இரண்டு விலாவிலும் முக்கால் இஞ்ச் துணி மடித்து விட்டிருந்தது. நூல் பிரியாமல் ஓரம் முழுக்கக் கையாலேயே தைத்திருந்தது. பக்கத்துக்கு மூன்று தையல், ஒன்றையொட்டி ஒன்றாக. பிளேடு முனையால் உள்தையலை மட்டும் அம்மா பிரித்தார், அப்புறம் போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. "புண்ணியவான், துணி விட்டு வச்சிருக்கான்" என்றார். தைத்தவர் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஒரு பெண்ணின் உடம்பு பத்து வருஷத்தில் மாறும் என்று அந்த மனிதர் யோசித்துத் தைத்திருக்கிறார். அந்த யோசனைக்கு அவர் தனியாகக் கூலி வாங்கியிருக்க மாட்டார்.

நீங்கள் இருக்கும் ஊரின் சுங்குடிச் சேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுகிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. கட்டும்போது இறுக்கமான முடிச்சும் தளர்ந்த முடிச்சும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பிரிக்கும்போதுதான் தெரியும்: இறுகிய இடத்தில் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று நிற்கும், தளர்ந்த இடத்தில் சாயம் உள்ளே போய்க் கலங்கியிருக்கும். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் அக்குள் தையலும் அப்படித்தான். கடையில் தெரியாது. ஏதோ ஒரு பெண் ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கும்போது தெரியும்.

இப்போது நான் உங்களை ஒன்று கேட்கிறேன். அந்த மூன்று ஜாக்கெட் நேர்த்தியால்தான் குறைகிறதா? ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். நடுவில் பாபின் தீர்ந்து நிறுத்துவது, பொருத்தமான நூல் தேடி எழுவது, ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் தனித்தனியாக ஊக்கு வைக்க உட்காருவது, இதிலெல்லாம் எவ்வளவு நேரம் போகிறது?

உங்கள் மதுரை அண்ணா நகரில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். அப்போது அவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். இள வயதிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களை வைத்தே கண்ணுக்குள் கத்தி பிடிக்கப் பழகினார். அங்கே வேகம் எப்படி வந்தது தெரியுமா? ஒரு மேஜையில் கண்புரை ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளியைத் தயார்செய்துவிடுவார்கள். டாக்டர் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்ப வேண்டியதுதான். தயார்செய்பவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள். சுற்றி நடக்கும் வேலையில்தான் நேரத்தை மிச்சம் பிடித்தார்கள், கண்ணில் செய்யும் வேலையில் கை வைக்கவில்லை.

நீங்களும் காலையிலேயே நாலு பாபின் சுற்றி வையுங்கள். அன்றைய துணிகளுக்கான நூலை எடுத்து வரிசையாக வையுங்கள். ஊக்குகளை எல்லாம் கடைசியில் மொத்தமாக வையுங்கள். அன்றாடம் உடுத்தும் பருத்தி ஜாக்கெட்டின் கழுத்துக்கு அலங்காரமெல்லாம் வேண்டாம், அங்கே நேரம் செலவழிக்காதீர்கள். அக்குளும் விலாவும் மட்டும் விட்டுக்கொடுக்காத இடங்களாக இருக்கட்டும். ஐந்து எட்டாகாமல் போகலாம், ஆனால் ஆறரை, ஏழு வரும் என்று நம்புகிறேன்.

மிச்சத்துக்கு முதலாளியிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். நல்ல வேலைக்குக் கூடுதல் கூலி கேட்பதில் கூச்சமே வேண்டாம். சும்மா வாயால் கேட்காதீர்கள். நீங்கள் தைத்தது ஒன்று, அவசரத்தில் தைத்தது ஒன்று, இரண்டையும் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி அவர் மேஜைமேல் வையுங்கள். "உங்க வீட்டுக்கு எதைக் கொண்டுபோவீங்க?" என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.