கோழி வளர்ப்பு கேள்வி – பதில்: பேன்டம் பெட்டைக்குத் தீனியும் கிளிஞ்சலும்

கேள்வி: மொட்டை மாடியில் பேன்டம் என்னும் குள்ள இனக் கோழியில் ஆறு பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். காலையிலும் மாலையிலும் குருணையும் கம்பும் போடுகிறேன். பகலில் முட்டையிடும் கோழிகளுக்கான லேயர் தீவனம் வைக்கிறேன். ஒரு மாதமாக முட்டை ஓடு மெலிந்து, கையில் எடுத்தாலே நொறுங்குகிறது. இரண்டு முறை ஓடில்லாத தோல்முட்டையும் இட்டன. தீவனக் கடையில் கால்சியம் டானிக், வைட்டமின் டானிக், ஈரல் டானிக் என்று மூன்று புட்டிகளை எடுத்து வைத்தார்கள். எதை வாங்குவது? லேயர் தீவனத்தைச் சேவல் தின்னலாமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்கு மூன்றையும் வாங்க வேண்டாம். குறை பெரும்பாலும் நீங்கள் அன்போடு அள்ளிப் போடும் குருணையில்தான் இருக்கிறது.

பண்ணையில் முட்டையிடும் கலப்பினக் கோழி நாளொன்றுக்கு 100 முதல் 115 கிராம் வரை தின்னும். உங்கள் பேன்டமோ 50 கிராம் அளவில் நிறுத்திக்கொள்ளும். லேயர் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதமும் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியமும் இருப்பது, கோழி அதை மட்டுமே தின்னும் என்ற கணக்கில்தான். பேன்டம் தின்னும் 50 கிராமில் 30 கிராம் குருணையும் கம்புமாகப் போய்விட்டால், எஞ்சிய 20 கிராம் தீவனத்திலிருந்து அதற்குக் கிடைக்கும் கால்சியம் 0.8 கிராமுக்கு மேல் இராது. அதிலும் ஏறத்தாழப் பாதிதான் உடலில் சேரும். ஆனால் 30 கிராம் எடையுள்ள ஒரு முட்டையின் ஓட்டுக்கே ஒரு கிராமுக்குச் சற்று அதிகமான கால்சியம் தேவை. பற்றாக்குறையைக் கோழி சில காலம் தன் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டும். அதுவும் குறைந்த பிறகே ஓடு மெலிகிறது. தானியத்தை அறவே நிறுத்த வேண்டியதில்லை. மாலையில் ஒரு கோழிக்கு ஐந்து கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி, கூப்பிட்டால் கூட்டுக்கு வருவதற்கான கூலியாகப் போட்டால் போதும்.

அடுத்தது கிளிஞ்சல். முட்டை ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது; அதில் பெரும்பகுதி, கோழி தின்னாமல் உறங்கும் இரவு நேரம். மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் விரைவில் குடலைக் கடந்துவிடும். அரிசி அளவுக்கு உடைத்த கிளிஞ்சலோ அரைவைப்பையில் தங்கி இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் கரையும். ஆகவே கிளிஞ்சலைத் தீவனத்தோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில், குறிப்பாகப் பிற்பகலில், வையுங்கள். முட்டையிடும் பெட்டை தனக்கு வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும். வறுத்து நொறுக்கிய முட்டை ஓடும் இதற்கு உதவும். வெற்றிலைச் சுண்ணாம்பையோ நீற்றிய சுண்ணாம்பையோ கொடுக்கக் கூடாது. அது வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும். மாடியில் மண் இல்லாததால், கடலைப் பருப்பில் பாதியளவுள்ள கருங்கல் துணுக்குகளையும் இன்னொரு கிண்ணத்தில் வையுங்கள். கிளிஞ்சல் கரைந்துவிடும், தானியத்தை அரைக்கும் வேலை கரையாத கல்லுக்கு உரியது.

மேஷ் என்னும் மாவுத் தீவனத்தில் பெரிய துணுக்குகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, வைட்டமின்களும் தாதுக்களும் தங்கியிருக்கும் தூளை அடியில் ஒதுக்கிவிடுவது கோழியின் வழக்கம். தட்டின் அடியில் நாள்தோறும் தூள் மிஞ்சினால் அதைச் சிறிது நீர் தெளித்துப் பிசைந்து காலையில் கொடுங்கள். வெயில் ஏறுவதற்குள் மிச்சத்தை அகற்றிவிடுங்கள். இந்தச் சிறு அலகுகளுக்கு நீண்ட பெல்லட்டைவிட உடைத்த கிரம்பிள் பொருந்தும்.

வெயிலையும் கவனியுங்கள். சூடு தாங்காமல் கோழி மூச்சிரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, ஓட்டுக்குத் தேவையான கார்பனேட்டு குறைகிறது, தீனியும் குறைகிறது. தகரக் கூரை என்றால் மேலே கீற்று போடுங்கள், குளிர்ந்த நீரை இருமுறை மாற்றுங்கள். காலை வெயில் மட்டும் உடலில் படட்டும். கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி3 வேண்டும்.

சேவலுக்கும் குஞ்சுகளுக்கும் லேயர் தீவனத்தின் கால்சியம் மிகுதி. நாட்பட்டால் சிறுநீரகம் கெடும். ஒரே கூட்டில் பிரித்துத் தீனி போட முடியாது என்பதால், ஓடு தேறிய பிறகு எல்லாவற்றுக்கும் கால்சியம் குறைந்த கிரோயர் (வளரும் கோழிகளுக்கான) தீவனமும் பெட்டைகளுக்காகக் கிளிஞ்சல் கிண்ணமும் என்ற ஏற்பாட்டுக்கு மாறுவதையே நான் விரும்புவேன். மூன்று வாரத்தில் ஓடு தேறாவிட்டாலும், தும்மலோடு சுருக்கம் விழுந்த முட்டைகள் வந்தாலும், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அது தீவனத்தால் தீரும் குறை அன்று.

கேள்வி: சிறுவிடை நாட்டுக் கோழிகளுக்குத் தீவனத்துக்குப் பதிலாக, தொட்டி நீரில் மிதந்து வளரும் அசோலாவை மட்டும் கொடுக்கலாமா? அதில் 25 சதவீதம் புரதம் என்கிறார்களே?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்தக் கணக்கு உலர்ந்த அசோலாவுக்கு. தொட்டியிலிருந்து அள்ளும் அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். 100 கிராம் பச்சை அசோலாவில் ஒன்றரை கிராம் புரதம் இருந்தாலே அதிகம். சிறிய இரைப்பை தண்ணீரால் நிரம்பிவிட்டால் கோழி தீவனத்தைத் தொடாது. கீரையைப் போல ஒரு பிடி கொடுங்கள். மஞ்சள் கரு நன்றாக நிறம் பிடிக்கும். புரதத்துக்குக் கரையான் அதைவிட மேல். கடலைப் புண்ணாக்கு சேர்ப்பதாயின் பூசண வாடை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். பூசணத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும், அதை எந்த ஈரல் டானிக்கும் முழுதாகச் சரிசெய்யாது.

கேள்வி: 13 முட்டையோடு சிறுவிடைப் பெட்டை நிறுத்திவிட்டது. தீவனத்தைக் கூட்டினால் மீண்டும் இடுமா?
– ஒரு வாசகி, சிவகங்கை

பதில்: அது அடைக்கு உட்காரும் இயல்பு, தீவனக் குறைவு அன்று. கூட்டிப் போட்டால் கொழுப்புதான் ஏறும். அடை வைக்க விருப்பமில்லையென்றால், காற்றோட்டமுள்ள கம்பித்தரைக் கூண்டில் நீரும் தீனியும் வைத்துச் சில நாள் விட்டால் அடை தெளியும்.