நெஞ்சு நீரில் புற்றுச் செல் இல்லை என்ற அறிக்கை: மறுபடியும் சோதனை எதற்கு?

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து, ஒரு லிட்டர் வரை எடுத்தார்கள். சைட்டாலஜி (நீரிலுள்ள செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) அறிக்கையில் ‘புற்றுச் செல்கள் காணப்படவில்லை’ என்றிருந்தும், மீண்டும் நீர் எடுத்து ‘செல் பிளாக்’ செய்யச் சொல்கிறார் மருத்துவர். முதல் சோதனை தவறா?

பதில்: தவறு என்று கொள்ள வேண்டாம், ஆனால் மருத்துவர் கேட்பது நியாயமானது. நுரையீரல் உறையில் புற்று பரவியிருப்பவர்களிலும், முதல் முறை எடுத்த நீரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்குத்தான் செல்கள் அகப்படுகின்றன. உறையில் ஒட்டியிருக்கும் கட்டியிலிருந்து உதிர்ந்த செல்தானே நீரில் மிதக்கும்? சுரப்பிச் செல்களில் தோன்றும் புற்றான அடினோகார்சினோமா தாராளமாக உதிர்க்கும். உறையிலேயே தோன்றும் புற்றான மீசோதீலியோமா அவ்வளவு எளிதில் உதிர்ப்பதில்லை.

ஆய்வகத்தில் இந்த நீரைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால், அரிசி களைந்த நீரின் அடியில் தங்கும் மண்டியைப் போல, குழாயின் அடியில் செல்கள் படியும். அதை ஸ்லைடில் தடவி, சிலவற்றைக் காயுமுன்பே 95 விழுக்காடு ஆல்கஹாலில் இட்டுப் பாப்பனிகோலா சாயமும், சிலவற்றைக் காயவிட்டு ஜீம்சா வகைச் சாயமும் ஏற்றுவோம். ஆல்கஹாலில் போடச் சற்றுத் தாமதித்தாலும் உட்கருவின் நுணுக்கம் மங்கிவிடும்.

எங்களை உண்மையில் திணறடிப்பவை உறையின் சொந்தச் செல்களான மீசோதீலியல் செல்கள். காசநோய், நிமோனியா, நாட்பட்ட நீர்க்கோப்பு என எது உறுத்தினாலும் அவை பெருத்து, இரண்டு மூன்று உட்கருக்களுடன் கொத்தாகத் திரண்டு, புற்றுச் செல்லைப் போலவே தோன்றும். அடுத்தடுத்த இரு செல்களுக்கிடையே தெரியும் மெல்லிய இடைவெளி அவை மீசோதீலியல் செல்கள் என்பதற்கு நல்ல அடையாளம்தான். அதை மட்டும் நம்பி நான் கையெழுத்திடுவதில்லை.

செல் பிளாக் உதவுவது இங்கேதான். மண்டியைப் பிளாஸ்மா, திராம்பின் சேர்த்து உறையவைத்து, ஃபார்மலினில் பதப்படுத்தி, பாரஃபின் மெழுகில் பதித்து, பயாப்சித் திசுவைப் போலவே மெல்லிய சீவல்களாக வெட்டுகிறோம். ஒரே கொத்தின் அடுத்தடுத்த சீவல்களில் செல்லிலுள்ள குறிப்பிட்ட புரதத்தைக் காட்டும் வெவ்வேறு இம்யூனோ சாயங்களை ஏற்றலாம்: செல் கால்ரெட்டினின் சாயத்தை ஏற்றால் பெரும்பாலும் மீசோதீலியல் செல், கிளாடின்-4 சாயத்தை ஏற்றால் கார்சினோமா என்னும் வகைப் புற்று, அதன்பின் டிடிஎஃப்-1 நுரையீரலையும், பாக்ஸ்-8 பெண்களில் சினைப்பையையும் மூலமாகச் சுட்டலாம். நுரையீரல் புற்று உறுதியானால், மாத்திரை சிகிச்சைக்கு வழிகாட்டும் இஜிஎஃப்ஆர் மரபணுச் சோதனையையும் பெரும்பாலும் அதே பிளாக்கில் செய்துவிடலாம்.

இம்முறை குறைந்தது 50 மில்லி நீராவது ஆய்வகத்துக்குப் போகட்டும். ஆய்வகம் கேட்டாலொழிய ஃபார்மலின் கலக்காமல், எடுத்தவுடனே அனுப்புங்கள். தாமதமானால் 4 டிகிரி குளிரில் வைக்கலாம். ஃப்ரீசரில் கூடாது, உறைந்தால் செல்கள் சிதைந்துவிடும். நம் நாட்டில் காசநோயும் இவ்வாறு நீர் கோக்கவைக்கும் என்பதால் ஏடிஏ (காசநோயில் நீரில் உயரும் ஒரு நொதி) அளவு பார்த்தார்களா என்று கேளுங்கள். இரண்டாம் முறையும் விடை கிடைக்காமல் சந்தேகம் நீடித்தால், மூன்றாவது முறை நீர் எடுப்பதைவிட, தோராகோஸ்கோப்பி (நெஞ்சுக்குள் செலுத்தும் கேமராக் குழாய்) வழியே உறையைப் பார்த்துப் பயாப்சி எடுப்பதே பொதுவாகப் பயன் தரும்.

ஆய்வகம் மாறுவதாக இருந்தால், அறிக்கைத் தாளை மட்டுமன்றி முதல் சோதனையின் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.