துள்ளல் நின்றாலும் ஊசி நிற்கக் கூடாது

கேள்வி: என் மகளுக்கு வயது 10. சில வாரங்களாகக் கையெழுத்து கோழிக் கிறுக்கலாகிவிட்டது. டம்ளரை நழுவ விடுகிறாள், கை கால் துள்ளுகிறது, காரணமில்லாமல் அழுகிறாள். ‘சிடன்ஹாம் கொரியா’ என்கிறார்கள். 21 நாளுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியாம். நரம்புக் கோளாறுக்கு இது எதற்கு? சரியானதும் நிறுத்தலாமா?
— வாசகி, விழுப்புரம்

பதில்: நிறுத்தக் கூடாது. தொண்டையில் தொற்றிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை அழிக்க உடல் தயாரித்த எதிர்ப்புரதங்கள், இலக்குத் தவறி மூளையைத் தாக்குவதால் வரும் நோய் இது. இதய வால்வும் அடி வாங்கலாம். துள்ளல் பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கிவிடும். வால்வில் விழும் வடு அப்படியல்ல. மீண்டும் தொண்டைத் தொற்று வந்தால் இன்னும் மோசமாகும். அதைத் தடுக்கத்தான் ஊசி.

எடை 27 கிலோ வரை 6 லட்சம் யூனிட், அதற்கு மேல் 12 லட்சம் யூனிட் பென்சதைன் பெனிசிலின், தசையில் போட வேண்டும். நான்காவது வாரத்தில் இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடும் என்பதால் நாள் தள்ளிப்போடாதீர்கள். மருந்து கெட்டியானது, கரைத்ததும் நன்றாகக் குலுக்கி, 21 கேஜ் ஊசியில் மெதுவாக ஏற்றாவிட்டால் அடைத்துக்கொள்ளும். வலிக்குப் பயந்து குழந்தை அடம்பிடித்தால், லிக்னோகெயின் (மரத்துப்போக வைக்கும் மருந்து) கலந்து போட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒவ்வாமைக்குச் சிகிச்சை தரும் வசதியுள்ள இடத்திலேயே போட்டு, அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். வால்வு நன்றாக இருந்தாலும் குறைந்தது 5 ஆண்டு ஊசி தொடர வேண்டும். அது முடிந்தாலும் 18 வயதுக்கு முன் நிறுத்துவதில்லை, 21 வரை தொடரச் சொல்வோரும் உண்டு. வால்வு பாதித்திருந்தால் 10 ஆண்டும் அதற்கு மேலும். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்காவிட்டாலும் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தே ஆக வேண்டும்.

துள்ளல் சாப்பாட்டுக்கும் எழுத்துக்கும் இடைஞ்சலானால் வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் அல்லது கார்பமசெபின் மருந்தைத் தருவார்கள். கடுமையென்றால் ஸ்டீராய்டு. மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடாலில் இந்தக் குழந்தைகளுக்கு உடல் விறைப்பு எளிதில் வரும். அது முதல் மருந்தாகாது.

அழுகை, எரிச்சல், ஓயாமல் கை கழுவுவது எல்லாம் நோயின் அங்கமே. சிலருக்குத் துள்ளலுக்கு முன்பே தொடங்கும். திட்டாதீர்கள், வகுப்பாசிரியரிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இதே நோய் என்று சந்தேகித்த என் மகனுக்கு ஏ.எஸ்.ஓ. (ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிரான எதிர்ப்புரத அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை) இயல்பாக வந்தது. அப்படியானால் இது இல்லையா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. தொண்டைவலி வந்து 6 மாதம் கழித்தும் துள்ளல் தொடங்கலாம். அதற்குள் அந்த அளவு இறங்கியிருக்கும். ஆனால் லூபஸ் (எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்), வில்சன் நோய் (உடலில் தாமிரம் சேரும் நோய்) இரண்டும் இல்லை என்று ஏ.என்.ஏ., செருலோபிளாஸ்மின் இரத்தப் பரிசோதனைகளில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.