0.3 டெஸ்லாவில் என்வி சிக்னல் மறைவது ஏன்?

என்வி என்பது வைரத்தில் ஒரு நைட்ரஜன் அணுவும் பக்கத்தில் ஒரு காலி இடமும் சேர்ந்த குறைபாடு; இரண்டையும் இணைக்கும் கோடுதான் அதன் அச்சு. சிக்னல் மறைந்தால் காந்தத்தின் சாய்வைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். 5 மில்லிடெஸ்லாவில் தெளிவாக வந்த ரெசொனன்ஸ் (சரியான மைக்ரோவேவ் அலைவெண்ணில் ஒளி குறையும் இடம்), நிரந்தரக் காந்தத்தை 0.3 டெஸ்லாவுக்கு நெருக்கியதும் மறைகிறது என்றால், மைக்ரோவேவைக் குறைசொல்வதற்கு முன் புலம் என்வி அச்சோடு நேராக இருக்கிறதா பாருங்கள்.

உங்களுடையது (100) படிகத் தளத்தில் வெட்டிய வைரம். அதில் என்வி அச்சுகள் செங்குத்திலிருந்து 54.7 டிகிரி சாய்ந்திருக்கும். காந்தம் நேர் மேலே நின்றால் நான்கில் ஒன்றுகூடப் பொருந்தாது. அச்சுக்குக் குறுக்கான புலம் என்வியின் சுழல் (ஸ்பின்) நிலைகளான 0, +1, -1 ஆகியவற்றைக் கலந்துவிடும், பச்சை லேசரால் அவற்றை 0 நிலைக்குத் திரட்ட முடியாது, நிலைகளுக்கிடையே ஒளியில் தெரியும் வேறுபாடான கான்ட்ராஸ்ட் போய்விடும். குறைந்த புலத்தில் இது கண்ணில் படுவதில்லை.

சோதனை: மைக்ரோவேவை அணைத்து, லேசரில் மட்டும் ஒற்றை என்வியின் ஃபோட்டான் எண்ணிக்கையைப் பார்த்தபடி காந்தத்தை மெல்ல நெருக்குங்கள். எண்ணிக்கை சரிந்தால் கோணம் தவறு. அது உச்சமாகும் வரை திருப்புங்கள். 51, 102 மில்லிடெஸ்லா அருகே வரும் பள்ளங்கள் நிலைகள் குறுக்கிடுவதால் வருபவை, அவற்றைத் தாண்டிப் போங்கள்.

பிறகு 0.3 டெஸ்லாவில் மைக்ரோவேவை மீண்டும் போட்டு, 5.54, 11.28 கிகாஹெர்ட்ஸ் அருகே ரெசொனன்ஸைத் தேடுங்கள். இரண்டின் வித்தியாசம் 5.74 வந்தால் அச்சு நேர். மைக்ரோவேவ் ஆம்ப்ளிஃபையர் 4 கிகாஹெர்ட்ஸோடு நிற்கும் வகையென்றால் எதுவும் தெரியாது!

ஒரு எச்சரிக்கை. வெப்பநிலை ஏறினால் நியோடிமியம் காந்தம் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.1 சதவீதம் வலுவிழக்கும். இந்தப் புலத்தில் அதனால் ரெசொனன்ஸ் 8 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நகரும். சிங்கப்பூரில் வார இறுதியில் ஆய்வகத்து ஏர்கானை நிறுத்தினால், திங்கட்கிழமை ரெசொனன்ஸ் கோடு நீங்கள் தேடும் அலைவெண் வரம்புக்கு (ஸ்வீப்) வெளியே போயிருக்கும்.